சிரமத்திற்கு வருந்துகிறோம்

லிஃப்ட் கேபினுக்குள், பொத்தான்களுக்குக் கீழே, ஒரு சாவித் துளை உண்டு. யாரும் அதைக் கவனிப்பதில்லை. சாவியைத் திருப்பிவிட்டால் வெளியே எந்த மாடியில் யார் பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் நிற்காது. உள்ளே நிற்பவர் சொல்வதை மட்டும் கேட்கும். அந்தச் சாவி மெக்கானிக்கிடம் இருந்தது.

புதன்கிழமை மதியம் அவன் தான் பராமரிக்கும் ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு பலகையை மாட்டுவான். 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.' கருவிப் பையோடு கேபினுக்குள் போய்ச் சாவியைத் திருப்புவான். நான்கை அழுத்துவான். லிஃப்ட் மேலே போகும்போதே கம்பெனிச் சட்டையைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த சட்டையைப் போட்டுக்கொள்வான். கேபினின் கண்ணாடியைப் பார்க்க மாட்டான். மேலே போனதும் விளக்கை அணைத்துக் கதவை மூடுவான்.

லிஃப்டில் எந்தக் கோளாறும் இல்லை.

நாலாம் மாடியில் இருந்தது ஒரே இடம்தான். உணவுக்கோளாறு சிகிச்சை மையம். பொத்தானுக்குப் பக்கத்தில் அந்தப் பெயர்த்தகட்டை ஒட்டியவனே அவன்தான். அன்று கூட வந்த இளைய மெக்கானிக் தகட்டைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"சாப்பிடுறதுக்குக் கூடவா டாக்டரு? கொழுப்பெடுத்துப் போச்சுண்ணே இவங்களுக்கு."

"ரெண்டு நாள் நம்மகூட வேலைக்கு வரச் சொல்லு. எல்லாம் தெளிஞ்சிடும்," என்று அவனும் சிரித்தான்.

லிஃப்டில் நான்கை அழுத்துகிறவர் எங்கே போகிறார் என்பது கூட நிற்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். கட்டடத்தில் பாதிப்பேருக்கு அவனைத் தெரியும். பலகைக்குக் காரணம் அதுதான்.

கம்பெனியில் அவனுக்கு 'எட்டாள்' என்று பேர். கேபினில் 'எட்டு நபர்கள்' என்று எழுதியிருக்குமே, அதிலிருந்து வந்தது. அவன் உள்ளே காலை வைத்தால் யாராவது வாயாலேயே ஓவர்லோடு மணி அடிப்பார்கள். "அண்ணன் ஏறியாச்சு. மத்தவங்க அடுத்த நடையில வாங்கப்பா." அவன் வயிற்றைத் தட்டிக் காட்டுவான். மதியம் எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது டயட்டில் இருக்கிறேன் என்று சொல்லி டீ மட்டும் குடிப்பான். "அண்ணன் டயட்டு இருந்தே இப்படி. இல்லாட்டி நம்ம கதி என்ன?" என்பார்கள்.

சாயங்காலம் மெஷின் ரூமுக்குப் போவான்.

மெஷின் ரூம் மொட்டை மாடியில் இருக்கும். அங்கே யாரும் வர மாட்டார்கள். கதவை உள்ளே தாழிட்டு, மோட்டாருக்குப் பக்கத்தில் குந்தி, கருவிகளுக்கு அடியில் இருந்ததை வெளியே எடுப்பான். பன், பிஸ்கட், ரொட்டி. ருசி தெரியாது. கை நிற்காது. கீழே யாரோ பொத்தானை அழுத்த, கம்பிக் கயிறுகள் ஓடும். அந்தச் சத்தத்தில் காகிதம் கசங்குவது கேட்காது. முடிந்ததும் மொட்டை மாடியின் மூலைக்குப் போய்த் தின்றதையெல்லாம் வாந்தியாக வெளியே எடுப்பான். குழாயைத் திறந்து கழுவிவிடுவான். பிறகு கைகளில் கொஞ்சம் கிரீஸ் தேய்த்துக்கொள்வான். கீழே இறங்கும்போது வேலை செய்த கை மாதிரி இருக்க வேண்டும்.

ஒரு நாள் கேபினின் கூரைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது மயங்கி விழுந்தான். லிஃப்ட் நின்றிருந்ததால் பிழைத்தான். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்த டாக்டர் உப்புச்சத்து ரொம்பக் குறைந்திருக்கிறது என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பற்களைப் பார்த்தார். அவன் மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவன் ஆமென்று தலையை ஆட்டினான். டாக்டர் எழுதிக் கொடுத்த முகவரிக்கு அவன் யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

மனைவியிடம் குடல் புண் என்று சொன்னான்.

மையத்தில் என்ன செய்வார்கள் என்று அவன் பலவிதமாகக் கற்பனை செய்திருந்தான். திட்டுவார்கள். பட்டினி போடுவார்கள். எதுவும் நடக்கவில்லை. நர்ஸ் அவனை எடைமேடையில் முதுகைத் திருப்பி நிற்கச் சொன்னாள். எண்ணை அவள் மட்டும் பார்த்தாள், சொல்லவில்லை. நாடி பிடித்தாள், ஈசிஜி எடுத்தாள், அடுத்த அறைக்கு அனுப்பினாள். அங்கே ஆலோசகர் இருந்தார். தலை நரைத்த பெண்மணி. காலணியை மேசைக்கடியில் கழற்றிப் போட்டுவிட்டுப் பேசுகிறவர்.

"இனிமே பட்டினி கிடக்கக் கூடாது," என்றார்.

"சாப்பிடுறதுதானே மேடம் என் பிரச்சினை?"

"காலையில இருந்து காயப்போட்டா சாயங்காலம் வயிறு சும்மா இருக்குமா? மூணு வேளை சாப்பாடு. நடுநடுவுல சின்னதா ஏதாவது. பசிச்சாலும் சரி, பசிக்காட்டியும் சரி. உட்கார்ந்து சாப்பிடணும். நாலு பேர் பார்க்கிற இடத்துல."

"பார்க்கிற இடத்துலயா?"

"ஆமா. மெஷின் ரூம்ல வேண்டாம்."

"சாப்பிட்டதும் வெளியே எடுக்கணும்போல இருந்தா?"

"யார்கூடயாவது பேசிட்டு இருங்க. அந்த வேகம் இறங்கிடும். உடனே இல்ல, ஆனா இறங்கும்."

"எப்ப சரியாகும் மேடம்?"

"மாசக்கணக்குல ஆகும். நடுவுல சறுக்கும். சறுக்கினா இங்க வந்து சொல்லணும். ஒரு நாள் வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

"பார்க்கலாம்," என்றான்.

சறுக்கல்களைச் சொன்னான், பாதியாகக் குறைத்து. மனைவியைக் கூட்டிப் போகவில்லை. அவள் குடல் புண்ணுக்கென்று காரமே இல்லாமல் சமைத்தாள். அவனுக்குத் தனியாக, தனக்குத் தனியாகச் சமைக்க நேரமில்லாததால் அவளும் அதையே சாப்பிட்டாள்.

"ரெண்டு வாழைப்பழம் வச்சிருக்கேன். நாலு மணிக்கு ஒண்ணாவது சாப்பிட்டுடுங்க," என்பாள் பெட்டியைக் கட்டியபடி. "வயித்துல புண்ணு உங்களுக்கு, நாக்கு செத்துப்போனது எனக்கு. நல்ல நியாயம்."

அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் கிளம்புவான்.

ஒரு புதன்கிழமை அவன் கீழே வந்து, மறுபடி கம்பெனிச் சட்டைக்கு மாறி, பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அகலமான முதுகுள்ள ஒருவர், கையில் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க லிஃப்ட்காரரே, இது புதன்கிழமை மட்டும் விரதமா? வாராவாரம் பார்க்குறேன், படுத்துக்குது."

"மோட்டார்ல சின்னப் பிரச்சினைங்க. பார்ட்ஸ் வரணும்."

"கொஞ்சம் சீக்கிரம் பாருங்க தம்பி. நாங்க மூணு மணிக்கு வர்றோம். என் பொண்ணு படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"சரிங்க."

"நான் ஏறிடுவேன். கோடவுன்ல மூட்டை தூக்குற உடம்பு. அவதான்..."

அவர் முடிக்கவில்லை. மெக்கானிக்கும் கேட்கவில்லை. பலகையைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தான். அடுத்த புதன்கிழமையும் அதை மாட்டினான். ஒரு மணி நேரம்தானே என்று சொல்லிக்கொண்டான்.

பிறகு ஒரு நாள் ஆலோசகர், "இனி மூணு மணிக் குழுவுல உட்காருங்க," என்றார். அவன் தட்டிக்கழித்துப் பார்த்தான். முடியவில்லை.

குழு என்றால் வட்டமாகப் போட்ட ஆறு நாற்காலிகள். ஒரே ஒரு விதி, எண்ணைச் சொல்லக் கூடாது. எடை, அளவு, எவ்வளவு தின்றோம், எதற்கும் எண் கிடையாது. நாள் முழுவதும் பாரத்தை எண்ணால் மட்டுமே பேசுகிற வேலையில் இருந்தவனுக்கு அது விசித்திரமாக இருந்தது. அவனைத் தவிர எல்லோரும் பெண்கள். ஒரு நடன ஆசிரியை அவனைப் பார்த்துவிட்டு, யாருடனோ துணைக்கு வந்தவர் என்று நினைத்து, "வெளியே பெஞ்ச் இருக்கு சார்," என்றார். ஆலோசகர், "அவரும் நம்மாளுதான்," என்றார். அவனுக்குக் காது சூடானது.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் படிக்கிற வயது. வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். உட்காரும்போது நாற்காலி அசையவே இல்லை.

"இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்றார் ஆலோசகர்.

"போச்சு."

"சாப்பாடு?"

அவள் கம்பளிச் சட்டையின் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிடலை. இன்னிக்குக் காலையிலயும்."

"ஏன் செவ்வாய்க்கிழமை?"

"புதன்கிழமை இங்க வரணுமே, அதான்." நிறுத்தினாள். "லிஃப்ட் ஓட மாட்டேங்குது மேடம். நான் படி ஏறக் கூடாது. அப்பா என்னை முதுகுல தூக்கிட்டு வர்றாரு. இந்த வயசுல. ஒவ்வொரு மாடியிலயும் ஆளுங்க பார்க்குறாங்க. மேலே வந்து இறக்கி விட்டதும் அப்பாவுக்கு மூச்சு இரைக்குது. ரொம்ப நேரம் இரைக்குது. எங்கப்பா மூட்டை தூக்குறவரு. அவருக்கே இப்படி இரைக்குதுன்னா நான் எவ்வளவு கனமா இருக்கணும்?"

ஆலோசகர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"எடை இன்னும் இறங்கினா வீட்டுல வச்சுப் பார்க்க முடியாதாம். வார்டுல சேர்க்கணுமாம். பரீட்சை போயிடும்."

ஆலோசகர் அவளிடம் நாலு மாடி ஏறினால் சும்மா ஏறுகிறவருக்கும் இரைக்கும் என்றார். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆலோசகர் வட்டத்தைச் சுற்றிப் பார்த்து மெக்கானிக்கிடம் நின்றார். "நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

"இல்ல மேடம்," என்றான்.

அன்று சாயங்காலம் வேறொரு கட்டடத்தின் மெஷின் ரூமில் கதவைத் தாழிட்டான். மனைவி கொடுத்த வாழைப்பழங்களில் ஆரம்பித்தான். அவை முடிந்ததும் கீழே போய் வாங்கி வந்தான். மறுபடி கீழே போனான். கடைக்காரர், "வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார். "ஆமா," என்றான்.

அடுத்த புதன்கிழமை பலகையை எடுத்து வரவில்லை. கருவிப் பையும் இல்லை. மனைவி கொடுத்த பழங்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். பலகை இல்லையென்றால் லிஃப்ட் ஓடும், அவள் ஏறுவாள், விஷயம் முடிந்தது. யாரும் எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

தரைத்தளத்தில் அந்த அப்பாவும் பெண்ணும் லிஃப்ட் முன்னால் நின்றிருந்தார்கள். கதவு திறந்தது. அவன் அவர்களுக்குப் பின்னால் நின்றான்.

"பார்த்தியா, ஓடுது! வாம்மா," என்றார் அப்பா.

பெண் அசையவில்லை. கேபினில் எழுதியிருந்ததைப் பார்த்தாள். பின்னால் நின்றவனைப் பார்த்தாள். குழுவில் உட்கார்ந்திருந்தவர் என்று கண்டுகொண்டாள், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"வேண்டாம்ப்பா. நான் ஏறினா மணி அடிக்கும்."

"என்ன மணி?"

"பாரம் அதிகம்னா அடிக்குமே. எல்லாரும் பார்ப்பாங்க. நான் படியில நடந்தே வர்றேன்."

"உன் பாரத்துக்கா? கோழி இறகு மாதிரி இருந்துக்கிட்டு... ஏறு கண்ணு."

"முடியாதுப்பா."

அப்பா திறந்திருந்த கதவைப் பார்த்தார். இவனைப் பார்த்து, மன்னிக்கணும் என்பதுபோல் தலையசைத்தார். பிறகு படிக்கட்டின் முன்னால் போய்க் குனிந்தார். அவள் அவர் முதுகில் ஏறிக்கொண்டாள்.

மெக்கானிக் லிஃப்டில் தனியாகப் போனான். மணி அடிக்கவில்லை.

வட்டத்தில் அவள் வந்து உட்காரும்வரை அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பெஞ்சில் அவள் அப்பாவின் மூச்சிரைப்பு கேட்டது. ஆலோசகர் கதவைச் சாத்தினார். யாரையும் கேட்பதற்கு முன் அவன் வாயைத் திறந்தான்.

"லிஃப்ட் கெட்டே போகலை."

எல்லோரும் பார்த்தார்கள்.

"நான் லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடம் என் பொறுப்பு. இங்க வர்றது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு கீழே பலகையை மாட்டிட்டு, லிஃப்டைப் பூட்டிட்டு, நான் மட்டும் ஏறி வந்தேன். ஒவ்வொரு புதன்கிழமையும்."

நடன ஆசிரியை, "அடப்பாவி," என்றார். சத்தமாக இல்லை. அவருக்கும் மூட்டு வலி இருந்தது.

பெண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது மாடியில நிக்கும்போது லிஃப்ட் மேலே போற சத்தம் கேட்டுச்சு," என்றாள். "ஓடுதேப்பான்னு சொன்னேன். டெஸ்ட் பண்றாங்கம்மா, பாவம் அவங்களும் வேலை செய்யணுமில்லன்னு சொன்னாரு. அது நீங்களா?"

"நான்தான்."

"உள்ளே தனியாவா?"

"தனியா."

அவள் கம்பளிச் சட்டையின் கையை இழுத்துவிட்டாள். அவன் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். மன்னிப்பு என்ற சொல் பலகையில் எழுதியது போல் இருந்தது.

"அந்த மணி எனக்கு அடிச்சிருக்கு," என்றான். "நாலு பேர்தான் இருந்தோம். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. நான் இறங்கிட்டேன். அப்புறம் போய்ப் பார்த்தா கேபினுக்கு அடியில இருக்கிற ஸ்விட்ச் சரியா உட்காரலை. நானே கழட்டி மாட்டினேன். என் கையாலயே சரி பண்ணினேன். ஆனாலும் அது எனக்காகத்தான் அடிச்சதுன்னு இன்னிக்கும் தோணுது."

"இந்த லிஃப்ட்ல அந்த ஸ்விட்ச் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"சத்தியமா?"

"நீ நம்புறதுக்கு நான் என்ன யோக்கியன்? ஆனா சரியாத்தான் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை.

"அப்பாகிட்ட நீங்களே சொல்லணும்."

குழு முடிந்ததும் மற்றவர்கள் அவனை விட்டு ஒதுங்கி வெளியே போனார்கள். அப்பா பெஞ்சிலிருந்து எழுந்தார். இப்போதுதான் அவனை நன்றாகப் பார்த்தார்.

"அட, லிஃப்ட்காரரே! சட்டை மாறியிருக்கவும் கீழே அடையாளம் தெரியலை. ரொம்ப நன்றி தம்பி. பார்ட்ஸ் வந்திடுச்சு போல."

"ரிப்பேர் ஒண்ணும் பண்ணலைங்க. நானும் இங்க வைத்தியத்துக்கு வர்றேன்."

அவர் அவனை மேலிருந்து கீழே பார்த்தார். "உங்களுக்கென்ன? நல்லாத்தானே சாப்பிட்டு வளர்ந்திருக்கீங்க?"

"அதான் வியாதி. திங்குறது, வெளியே எடுக்குறது. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு லிஃப்டை நான்தான் நிறுத்தி வச்சேன். மோட்டார்னு உங்ககிட்டச் சொன்னது பொய்."

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. கை முஷ்டியானது. மெக்கானிக் நகரவில்லை. அடித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான்.

அவர் அடிக்கவில்லை. "போன வாரம் என் முதுகுலயே அழுதா," என்றார். "சட்டை நனைஞ்சுபோச்சு. வேர்வைன்னு நினைச்சேன்."

லிஃப்ட் கதவு திறந்தது. பெண் வாசலில் நின்றாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். நின்றாள். அடுத்த காலையும் வைத்தாள். மணி அடிக்கவில்லை. அப்பா அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டு திரும்பினார். உள்ளே ஆறு பேருக்கு இடமிருந்தது.

"நீங்க படியில வாங்க," என்றார்.

கதவு மூடியது. அவன் அங்கேயே நின்று காதைக் கொடுத்தான். கயிறுகள் ஓடின. கீழே கதவு திறக்கும் சத்தம் வந்தது. அதற்கப்புறம்தான் படிக்குப் போனான்.

இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்தின் படிகளில் அவன் நடந்ததில்லை. குறுகலாக, உயரமாக இருந்தன. கைப்பிடி ஓர் இடத்தில் ஆடியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில், காப்பீட்டு அலுவலகத்தின் வாசலுக்கு எதிரே, ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடந்தது. அதன்மேல் மடித்த துணி விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் சொம்பு, மேலே மூடிய டம்ளர்.

அவன் அதைப் பார்த்தபடி நின்றான். மணி நாலாகியிருந்தது. துணிப்பையில் வாழைப்பழங்கள் இருந்தன. உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கிற இடத்தில். அவன் முக்காலியில் உட்காரவில்லை. அதற்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்தான்.

பாதி தின்றபோது காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணும் அப்பாவும் இறங்கிட்டாங்களா? இங்கதான் உட்கார்ந்துட்டுப் போவாங்க. சொம்பை எடுத்து வைக்கணும்."

"லிஃப்ட்ல போயிட்டாங்க."

"சரியாயிடுச்சா? அப்பாடா. அந்த லிஃப்ட்காரன் மட்டும் என் கையில கிடைச்சான்..." அவர் அவனை உற்றுப் பார்த்தார். வாயில் பழம், மடியில் பை. "நீங்க யாரு? எந்த ஆபீஸ்?"

அவன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான்.

"ஆபீஸ் இல்லைங்க. நாலாம் மாடிக்கு வர்றவன்," என்றான். "அந்த லிஃப்ட்காரனும் நான்தான்."

அந்த அம்மாள் உள்ளே போகவில்லை. அவன் மீதிப் பழத்தைச் சாப்பிட்டான்.